சவுக்கோடு பல மரமும் வளர்ப்போம்
(நோணாங்குப்பத்தில் ஆற்றிய உரை)



சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தை அடுத்த இவ்வூரில் சவுக்கின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்து நிலத்திற்கு உரமூட்டுகின்றன. நான்கைந்து ஆண்டுகளில் கழியும் விறகும் பணமாகின்றன. ஆயினும், தோப்பு முழுவதும் ஒரே மரமாயின், ஒரு நோயோ ஒரு புயலோ முதலையே வாரிக்கொண்டு போய்விடும்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலை நாம் மறக்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. ஆரோவில்லில் ஆஸ்திரேலிய அகேசியா மரங்கள் பெருவாரியாக வீழ்ந்தன. இம்மண்ணுக்கே உரிய பல மரங்கள் கலந்து நின்ற காடோ அவற்றினும் நன்கு தாங்கிற்று.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? சவுக்கைக் கைவிட வேண்டுவதில்லை. அதற்கு வெயில் வேண்டுமாதலால், பிற மரங்களை ஊடே நெருக்காமல், கடற்புறம் பனையும், ஏனைய ஓரங்களில் பூவரசு, புன்னை, வேம்பும் நடுவோம். சவுக்கு அண்மைச் செலவுக்கு உதவும். புன்னையும் பூவரசும் படகுக்கும் மரவேலைக்கும் பிள்ளைகள் காலத்தில் பயன்தரும். வெட்டும் காலம் வேறுபடுவதால் நிலமும் ஒருநாளும் வெறுமையாகாது.

புரட்டாசியில் குழியெடுத்து, ஐப்பசி மழையில் நடுவோமாக!