ஏலமலைச் சரிவும் இதய நோயின் முதல் மணியும்

 

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஏலாதியை இயற்றிய கணிமேதாவியார் சமணச் சான்றோர். ஏலம் முதலாக ஆறு சரக்குகள் கூடிய மருந்தின் பெயரையே அவர் தம் நூலுக்கு இட்டார். அந்த ஏலம் இன்று விளைந்து சந்தைக்கு இறங்குகின்ற ஊர் போடிநாயக்கனூர். அதன் மேற்கே எழும் மலைகளின் மடியில் இருப்பது குரங்கணி. தேனி மாவட்டம் சமணர்க்கு அயலான மண்ணும் அன்று. உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள், அச்சணந்தியின் பெயர் தாங்கிய வட்டெழுத்துடன், ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

இதய நோயைப் பற்றிய உரைக்குக் குரங்கணியை எடுத்துக்கொள்வதன் காரணம் தொலைவு. போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலைச்சாலை. அதற்கு மேல் முதுவாக்குடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் எனச் சரிவேறிப் போகும் வழியில் பெரும்பகுதி நடைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கியவாறே இறங்கின. பெட்டிக்கு வாய்த்த அந்த விரைவு நோயாளிக்கு வாய்க்கவில்லை. மேற்சரிவில் ஒருவருக்கு மார்பு வலி கண்டால் முதலில் குரங்கணி, அடுத்துப் போடி, அங்கிருந்து தேனியைக் கடந்து க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேவைப்பட்டால் மதுரை. இத்தனை படிகளையும் இதயம் பொறுத்துக்கொள்வதில்லை.

மாரடைப்பில் நிகழ்வது இது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒரு கணத்தில் வெடிக்கிறது. காயம் பட்ட இடத்தை அடைக்க ஓடிவரும் தட்டணுக்கள் அங்கே திரண்டு கட்டியாகி, குழாயையே அடைத்துவிடுகின்றன. இரத்தம் கிடைக்காத தசை அரைமணி அளவிலேயே மடியத் தொடங்கும். சில மணி நேரத்தில் சேதம் தசையின் முழுக் கனத்திற்கும் பரவும். மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

இந்த நேரத்தைத்தான் இல்லங்கள் இழக்கின்றன. நெஞ்சை அழுத்தும் வலியை வாயுத் தொல்லை என்று கொண்டு, ஏலமும் சுக்கும் தட்டிப்போட்ட கஷாயம் கொடுத்து, வெந்நீர் ஒத்தடம் இட்டு, விடியட்டும் என்று காத்திருப்பது நாடெங்கும் உள்ள வழக்கம். செரிமானத்திற்கு ஏலம் நல்லதுதான். தமனியில் உறைந்த கட்டியை அது கரைக்காது. நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு ஆகியவற்றைக் கண்டால் சந்தேகம் இதயத்தின் மேல்தான் முதலில் விழ வேண்டும். முதியோர்க்கும் பெண்டிர்க்கும் நீரிழிவு உள்ளோர்க்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலுமாக வருவதும் உண்டு.

சமண இல்லங்களில் தாமதத்திற்கு மற்றொரு காரணமும் சேர்கிறது. புலால் தொடாதவர்க்கு இதய நோய் வராது என்ற எண்ணம் அது. அதில் பாதி உண்மை உண்டு. பிரிட்டனில் 48,000-க்கும் மேற்பட்டோரைச் சுமார் 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. புலால் உண்போரைவிட மரக்கறி உண்போர்க்கு இதயத் தமனி நோய் 22 விழுக்காடு குறைவு; ஆனால் பக்கவாதம் 20 விழுக்காடு அதிகம். ஆகவே குறைவு என்பதை இல்லை என்று படிக்கலாகாது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு புகையிலை, இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, இடுப்புப் பருமன், மனஅழுத்தம், உணவு, மது, உடலுழைப்பு என ஒன்பது காரணங்களைக் காட்டியது. அவ்வாய்வில் தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. பிற நாட்டினர்க்கு ஏறத்தாழ 59. நெய்யில் பொரித்த பலகாரமும் சர்க்கரைப் பாகும் புலால் அல்ல என்பதனால் மட்டும் தமனிக்கு நட்பாகிவிடுவதில்லை.

முதல் மணியில் என்ன செய்வது என்ற வினாவிற்கு மருத்துவ உலகம் தெளிவான விடை கண்ட ஆண்டு 1988. ஐசிஸ்-2 என்ற ஆய்வில் மாரடைப்பு ஐயத்துடன் வந்த 17,187 பேர் நான்கு பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஆஸ்பிரின் பெறாதோரில் ஐந்து வாரத்திற்குள் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தோர் நூற்றுக்கு 11.8, பெற்றோரில் 9.4. ஆஸ்பிரினோடு கட்டியைக் கரைக்கும் ஸ்டிரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தபோது 8.0, இரண்டும் பெறாதோரில் 13.2. சில காசு விலையுள்ள மாத்திரை இத்தனை உயிரைக் காத்தது. இங்கே ஒரு சுவையான செய்தி. எந்தெந்தப் பிரிவினர்க்குப் பயன் என்று துண்டுதுண்டாகப் பிரித்துக் காட்டுமாறு இதழாசிரியர்கள் கேட்டபோது, ஆய்வாளர்கள் மேனாட்டு முறைப்படி பிறந்த ராசியையும் சேர்த்தனர். மிதுன, துலா ராசிக்காரர்க்கு ஆஸ்பிரினால் பயனில்லை என்று கணக்கு வந்தது! அளவுக்கு மீறிப் பிரித்தால் எண்கள் பொய் சொல்லும் என்பதை உணர்த்தவே அவ்வாறு செய்தனர். ஜாதகம் பார்க்கும் நாட்டில் இதைச் சற்று உரக்கவே சொல்லலாம்.

அந்த அறிவு மலையூருக்கு வந்து சேர முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் ஆகிய மூன்றும் லோடிங் டோஸ் எனப்படும் முதற்பேரளவில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டன. முதல் இரண்டும் தட்டணுக்கள் மேலும் திரளாமல் தடுப்பவை. மூன்றாவது கொழுப்பைக் குறைத்து வெடித்த திட்டை அமைதிப்படுத்துவது. இவற்றைக் கொடுத்தபின் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். மலைச்சாலையில் வண்டி இறங்கிக்கொண்டிருக்கும் பொழுதே மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எனினும் இரத்தக் கசிவு, வயிற்றுப்புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளோர்க்கு இவையே தீங்காகலாம். பக்கவாதத்தை மாரடைப்பெனக் கருதிக் கொடுத்தாலும் அவ்வாறே. ஆதலின் அவற்றைத் தருவது மருத்துவப் பணியாளரின் பொறுப்பு. இல்லத்தாரின் முதற்செயல் 108-ஐ அழைப்பது.

மாத்திரையோடு வேலை முடிவதில்லை. சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெமி திட்டத்தின் ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் இடம்பெற்ற 2,420 நோயாளிகளில், ஓராண்டிற்குள் இறந்தோர் இணைப்பிற்கு முன் நூற்றுக்கு 17.6, பின் 14.2. எங்கு கொண்டுசெல்வது என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தால் வழியில் மணிகள் வீணாவதில்லை.

நிறைவாக நோன்பைப் பற்றி. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை சமணர்க்கு விரதம். மாரடைப்போ விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட பொழுதில் மிகுதியாக வருவது ஆய்வுகளில் கண்ட உண்மை. இரவின் கடைசி யாமத்தில் மாத்திரையும் ஒரு வாய் நீரும் நீட்டப்படும்போது, விரதம் பங்கப்படுமோ என்று தயங்கும் மூதாட்டி எத்தனையோ இல்லங்களில் இருக்கக்கூடும். நோயுற்ற நேரத்தில் கைக்கொள்ளும் விலக்கு எது என்பதை நோன்பு ஏற்கும் பொழுதே முனிவரிடமோ ஊர்ப் பெரியோரிடமோ கேட்டு, வீட்டார்க்கும் சொல்லிவைப்பது நலம். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றன்றோ. ஏற்கெனவே இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் மருந்து உட்கொள்வோர் உபவாசத்திற்கு முன் தம் மருத்துவரைக் கண்டு, எந்த மாத்திரையை எப்பொழுதிற்கு மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தாள் 108 வண்டியில் வருவோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும்.