பழைய சாலையின் மதிப்பு



தமிழகத்தை விட்டு வந்து தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் நெடுநாள் குடியிருக்கும் நம்மில் பலர் ஒன்றைக் கவனித்திருப்போம். குடிவந்த புதிதில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டினுள் நுழைந்தோம். இன்று ஒரு படியே எஞ்சியிருக்கிறது. சில தெருக்களில் அந்த ஒரு படியும் மறைந்து, மழை நாளில் சாலைத் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிடுகிறது. வீடு தாழ்ந்துவிடவில்லை; தெருதான் உயர்ந்துவிட்டது.

இதன் காரணம் எளியது. சாலை பழுதுபட்டதும் பழைய தளத்தின்மேலேயே புதிய தளம் ஒன்றைப் பரப்பிவிடுகிறார்கள். ஒரு தளம் 4 சென்டிமீட்டர் கனமானால், ஐந்து முறை பரப்பியபின் 20 சென்டிமீட்டர் ஆகிறது. அது ஒரு வாசற்படியின் உயரத்துக்கும் அதிகம். பழைய தளத்தைப் பெயர்த்து எறிந்துவிட்டாலோ உயரம் கூடாது. ஆனால் பொருள் வீணாகும். பெயர்த்த பொருளையே மீண்டும் சாலைக்குப் பயன்படுத்துவது மூன்றாவது வழி. அதற்கு ஆகும் பொருள், செலவு, அதனால் வரும் நன்மை ஆகியவற்றைக் கணக்கிடுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

பேச்சு வழக்கில் ‘தார் ரோடு’ என்கிறோம். உண்மையில் இன்றைய சாலைகளில் சேர்வது பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் நிலக்கீல். சாலைக் கலவையில் எடைக்கு ஏறக்குறைய 95 பங்கு ஜல்லியும் மணலும் கல்தூளும். 5 பங்கே கீல். காற்றும் வெயிலும் படப்படக் கீல் இறுகி, நெகிழ்ச்சி இழந்து, வெடிப்புக் காண்கிறது. ஜல்லி பெரும்பாலும் கெடுவதில்லை. இறுகிய கீலையும் இளகிய புதுக்கீலோ தகுந்த எண்ணெய்ப் பொருளோ சேர்த்து ஓரளவு பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆகவே பழுதான சாலை என்பது கெட்டுப்போன பொருளன்று. நாம் முன்னரே விலை கொடுத்து வாங்கிய சரக்கு.

1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது அமெரிக்காவில் இம்முறை வேகமாகப் பரவிற்று. நம் நாட்டில் 1934இல் தோன்றிய இந்தியச் சாலைப் பேராயம், கீல் சாலைகளை மறுபயன் செய்வதற்கான நெறிமுறையை 2015இல் வெளியிட்டது. நமக்குத் தேவையான கீலில் கணிசமான பகுதி வெளிநாடுகளிலிருந்து வருவதால், மிச்சமாகும் ஒவ்வொரு டன்னும் அந்நியச் செலாவணியையும் மிச்சப்படுத்துகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சாலையில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குத் தளம் போடவேண்டும் என்று கொள்வோம். கன அளவு 350 கன மீட்டர். இறுக்கிய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.3 டன் எடையுள்ளது. ஆக 805 டன் கலவை வேண்டும். அதில் கீல் சுமார் 40 டன். ஜல்லி முதலியவை 765 டன்.

கலவையில் நூற்றுக்கு 30 பங்கு பழைய பொருளைச் சேர்த்தால், 241 டன் பழைய பொருள் உள்ளே செல்கிறது. அதில் ஏறத்தாழ 12 டன் கீலும் 229 டன் ஜல்லியும் இருக்கும். பத்து டன் லாரியில் ஏற்றினால் 23 லாரி ஜல்லியை மலையிலிருந்து உடைத்துக் கொண்டுவர வேண்டாம். பழைய கீல் முழுவதும் புதுக்கீலுக்கு ஈடாகாதாகையால் 12 டன் என்பது உச்ச அளவு என்றே கொள்ளவேண்டும்.

விலை இடத்துக்கு இடம் வேறுபடும். கணக்குக்காக மட்டும் கீல் டன்னுக்கு 50,000 ரூபாய், ஜல்லி டன்னுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீலில் 6 லட்சம், ஜல்லியில் 2 லட்சத்து 29 ஆயிரம், ஆக மொத்தம் 8 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இத்துடன் கணக்கை மூடிவிடலாகாது. இயந்திரத்தால் 7,000 சதுர மீட்டரைச் சுரண்டி எடுக்கச் சதுர மீட்டருக்கு 50 ரூபாய் வீதம் 3 லட்சத்து 50 ஆயிரம். பெயர்த்த 805 டன்னைக் கலவை நிலையத்துக்குக் கொண்டுசெல்ல டன்னுக்கு 200 ரூபாய் வீதம் 1 லட்சத்து 61 ஆயிரம். சலித்தல், சோதனை, இளக்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 1 லட்சம். மொத்தச் செலவு 6 லட்சத்து 11 ஆயிரம். நிகர லாபம் 2 லட்சத்து 18 ஆயிரம். பயன்படுத்தியது போக எஞ்சிய 564 டன் அடுத்த சாலைக்குக் கையிருப்பு. கலவை நிலையம் தொலைவில் இருந்து, டன்னுக்கு 500 ரூபாய் வண்டிக்கூலி ஆனாலோ, லாபம் மறைந்து 23,500 ரூபாய் நஷ்டம் வந்துவிடும். இம்முறையில் தூரம் எவ்வளவு முக்கியமானது என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய தளத்தின்மேல் அப்படியே புதுத்தளம் பரப்புவதே மலிவு என்று ஏட்டில் தோன்றும். சுரண்டும் கூலி அங்கே இல்லையல்லவா? ஆனால் தெரு உயர உயர, வீட்டுக்காரர் தரையை மண் கொட்டி உயர்த்துகிறார். வாசலில் தடுப்புச் சுவர் எழுப்புகிறார். வாடகைக்கு இருப்பவர் நனைந்த அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் வெயிலில் உலர்த்துகிறார். இச்செலவுகள் எந்தப் பொறியாளரின் ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாத செலவும் செலவே. அதைக் கொடுப்பவர் மட்டும் வேறு.

நன்மையை மிகைப்படுத்துவதும் தவறு. பழைய பொருள் அளவுக்கு மீறினால் தளம் விறைத்து, விரைவில் வெடிக்கும். பெயர்த்த பொருளை மழையில் நனையவிட்டால் ஈரத்தை உலர்த்தவே எரிபொருள் செலவாகும். அதை நேராகத் தீயில் காட்டினால் கீல் கருகும்; நன்கு சூடேற்றிய புது ஜல்லியுடன் கலந்தே சூடாக்க வேண்டும். 100 ரூபாய்ச் சாலை 5 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 20 ரூபாய்ச் செலவு. 90 ரூபாய்ச் சாலை 4 ஆண்டே உழைத்தால் ஆண்டுக்கு 22 ரூபாய் 50 காசு. மலிவானது எது என்பதை முதல்நாள் விலை சொல்லாது. சாலையின் ஆயுளே சொல்லும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே அதே மட்டத்தில் புதுத்தளம் போடவேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். நாம் வாழும் ஊர்களிலும் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பிற மாநிலத்தில் குடியிருக்கிறோம் என்று தயங்கவேண்டியதில்லை. வரி செலுத்தும் குடிகளே நாமும். தெருவில் வேலை தொடங்குமுன், குடியிருப்போர் சங்கத்தின் மூலம் நான்கு கேள்விகள் கேட்கலாம். பழைய தளம் எத்தனை சென்டிமீட்டர் சுரண்டப்படும்? சுரண்டிய பொருள் எங்கே போகும்? அதன் கீலும் ஜல்லியும் சோதிக்கப்பட்டனவா? வேலை முடிந்ததும் சாலை மட்டம் நம் வாசலுக்கு எவ்வளவு கீழே இருக்கும்? விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் பணியில் ‘மதிப்பீடு’ என்ற சொல்லை நாம் நாள்தோறும் எழுதுகிறோம். பெரும்பாலும் அதற்குச் செலவுத் தொகை என்ற பொருளே மனத்தில் நிற்கிறது. ‘மதிப்பு’ என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. நம் காலடியில் கிடக்கும் கருங்கல்லுக்கும் கீலுக்கும், சாலையோரத்து ஏழை வீட்டின் வாசற்படிக்கும் உரிய மதிப்பை ஏட்டில் ஏற்றினால்தான் அது முழுமையான மதிப்பீடு ஆகும்.