நரம்பு இழுத்தால் எந்த டெஸ்ட்?

"ராத்திரியானா கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுக்குது. ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?" மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். முதலில் ஸ்கேன் வேண்டாம். நரம்பு இழுக்குது என்று சொல்வது பெரும்பாலும் தசைப்பிடிப்புதான்; அது ஸ்கேனில் தெரியாது. கை கால் பலம் குறைந்தாலோ, தண்டுவடத்தில் கோளாறு இருக்குமென்று டாக்டர் சந்தேகப்பட்டாலோதான் எம்.ஆர்.ஐ.

தொடங்க வேண்டியது ரத்தத்தில். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கால்சியம் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். இது குறைந்திருப்பதை பி.பி. பார்க்கும் பட்டையே காட்டிக்கொடுக்கும். பட்டையைக் கையில் இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால் மணிக்கட்டு மடங்கும், விரல்கள் விறைத்துக் குவியும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போகும். பிரெஞ்சு மருத்துவர் ட்ரூசோ 1861-இல் எழுதிவைத்த அடையாளம் இது. கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகள்தான் கால்சியத்தைக் காக்கின்றன. ஆபரேஷனில் அவை பாதிக்கப்படலாம்.

சி.கே. என்றொரு டெஸ்ட் தசை சிதைவதைக் காட்டும். மாட்டுத்தாவணிச் சந்தையில் முதல்நாள் முழுக்க மூட்டை தூக்கியவருக்கு நோயே இல்லாமலும் அது ஏறியிருக்கும். எண்ணைப் பார்த்துப் பதறாமல், செய்த வேலையைச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகும் காரணம் பிடிபடாவிட்டால் இ.எம்.ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி, அதன் மின்துடிப்பை டாக்டர் திரையில் பார்ப்பார், ஒலிபெருக்கியில் கேட்பார். ஓய்வில் இருக்கும் நல்ல தசை பேசாமல் இருக்கும். நரம்புத் தொடர்பு அறுந்த தசையோ தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஒலிக்கும். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் எந்த டெஸ்டுக்கும் காத்திருக்காதீர்கள். காயம்பட்ட சில நாளில் வாய் திறக்க முடியாமல் தாடை இறுகினால் அது டெட்டனஸ் என்னும் ரணஜன்னியாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. நேரே மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துப் போங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து. நீர் பிரிய வைக்கும் மாத்திரையாலும், சிலருக்குக் கொழுப்பு மாத்திரையாலும் பிடிப்பு வரும். தசை துடிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது அது துடிக்காது.