புற்றுநோய் மருந்தும் நம் இருதயமும்

(நோயாளரைச் சந்திக்கும் நம் பங்குச் சபையினருக்கு ஆற்றிய உரை)



நோயுற்றோர் இல்லங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. “புற்றுநோய் தீர்ந்துவிட்டது, சுவாமி! இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டியதில்லை” என்பார்கள். அவர்களது மகிழ்ச்சி நம் மகிழ்ச்சியே. ஆயினும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. புற்றுநோயை விரட்டும் மருந்துகளுள் சில, இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை.

டாக்ஸோரூபிசின் என்னும் சிவப்பு மருந்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டில், காஸ்டெல் தெல் மோந்தே என்னும் பழங்கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் கண்ட நுண்ணுயிரின் வழியாக 1960-களில் கிடைத்தது இது. ஆட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஆட்ரியாமைசின் என்றும் வழங்குவர். மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று முதலியவற்றிலிருந்து எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த மருந்து. ஆனால் இதுவே இருதயத் தசையின் உயிரணுக்களையும் தாக்குகிறது. உதிர்ந்த தலைமயிர் மீண்டும் வளரும். இருதயத் தசை அவ்வாறு வளர்வதில்லை.

ஆபத்து, உடலில் ஏறிய மொத்த அளவைப் பொறுத்தது. உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் பெற்றவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும், 550 பெற்றவர்களில் 7 பேருக்கும், 700 பெற்றவர்களில் 18 பேருக்கும் இருதயம் தளர்ந்ததாக 1979-ல் வெளியான ஆய்வு கூறிற்று. பிந்திய ஆய்வுகள் இதைவிடக் கூடுதலாகவே காட்டின. ஆகவேதான் மருத்துவர்கள் வாழ்நாளுக்கு ஓர் எல்லை வகுத்துள்ளனர்.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? அது பெருந்தவறு. சிகிச்சையை மறுத்தால் புற்றுநோய் காத்திருக்காது. வேண்டியது விழிப்பே. மிலான் நகர மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். இவ்வகை மருந்துகளால் இருதயம் தளர்ந்த 201 பேருக்கு இருதய மருந்து கொடுத்தார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்திற்குள் அதைத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 64 பேரின் இருதயம் நன்கு தேறியது. ஆறு மாதம் கடந்து தொடங்கியவர்களில் முழுமையாகத் தேறியவர் ஒருவருமில்லை. காலதாமதமே கொடிய பகை!

ஆதலின் நீங்கள் சந்திக்கும் குடும்பங்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்லுங்கள். முதலாவது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருத்துவர் சொல்லும் எக்கோ பரிசோதனையைத் தவறவிடலாகாது. இரண்டாவது, படியேறினால் மூச்சு வாங்குவதும், கால் வீங்குவதும், மல்லாந்து படுக்க முடியாமையும் வயதின் கோளாறென்று ஒதுக்கத் தக்கவையல்ல. ஆண்டுகள் பல கழிந்து வந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது, எந்த மருந்து, எவ்வளவு ஏறியது என்று எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டை, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாய் வைக்க வேண்டும். “முன்பு புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டேன்” என்று எந்த மருத்துவரிடமும் கூசாமல் சொல்ல வேண்டும்.

இந்நோயை வெட்கமென்று மறைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. மறைத்த வாய் இருதயத்தையும் சேர்த்தே கெடுக்கும். வாய் திறந்து சொல்லும் துணிவை அவர்களுக்கு ஊட்டுவது நம் கடமையன்றோ?