தாழ்ந்த வண்டியும் தாங்கும் காற்றும்



பாரம் சுமப்பதற்கென்றே பிறந்தது பிக்கப் என்னும் சிறு லொறி. முன்னே ஓட்டுவோர் அமரும் கூடு; பின்னே மூட்டைகளுக்கான திறந்த பெட்டி. அமெரிக்கக் கமக்காரரும் தச்சரும் பல்லாண்டு காலம் உழைப்புக்குப் பயன்படுத்திய இவ்வண்டியை, அந்நாட்டு இரசிகர்கள் இன்று பழம்பொருளாகப் போற்றுகின்றனர். தரையைத் தொட்டும் தொடாததுமாக அதனைத் தாழ்த்தி ஓட்டுவதில் பெருமையும் கொள்கின்றனர். அவர்கள் பெரிதும் விரும்பும் வண்டிகளுள் ஒன்று, செவ்ரோலெட் நிறுவனத்தார் 1967 முதல் 1972 வரை செய்து விற்ற சீ-10 என்னும் பிக்கப். அத்தகைய வண்டியின் பின்புறத்தைக் காற்றின்மீது அமர்த்த விரும்பும் ஒருவர் எவ்வுறுப்புகளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும், அவற்றுள் எதனை முதலில் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

வண்டியைத் தாழ்த்துவது அரிய காரியமன்று. உயரமான சுருள் வில்லை எடுத்துவிட்டுக் கட்டையான வில்லை வைத்தால் வண்டி தாழ்ந்துவிடும். ஆனால் கட்டை வில்லுக்கு ஒரே ஓர் உயரந்தான் தெரியும். மேடு வந்தால் அடிவயிறு உரசும். பெட்டியில் பாரம் ஏறினால் அச்சு அடிச்சட்டத்தில் இடிக்கும். காற்று நிரம்பிய றப்பர்ப் பையோ, நிற்கும்போது தாழவும் ஓடும்போது உயரவும் இடங்கொடுக்கும்.

இவ்வெண்ணம் புதியதன்று. பயர்ஸ்டோன் நிறுவனத்தார் 1930களிலேயே காற்று வில்லை ஆராய்ந்தனர். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1953இல் நெடுந்தூர பஸ் வண்டிகளில் அதனைப் பொருத்தி வெற்றி கண்டனர். 1957இல் வெளிவந்த கடிலாக் எல்டொராடோ புறூம் என்னும் ஆடம்பரக் காருக்கும் அதனையே அமைத்தனர். எனினும் அக்காலக் கார்களில் அது நிலைக்கவில்லை. காற்றுக் கசிந்தது, காலையில் பார்த்தால் கார் தரையோடு அமர்ந்திருந்தது. உரிமையாளர் பலர் அதனைக் கழற்றி எறிந்து சுருள் வில்லுக்கே திரும்பினர். பஸ்ஸில் ஏறும் பாரம் வேளைக்கு வேளை பெரிதும் மாறுவது. அங்கே காற்றின் பயன் அதன் தொல்லையை விஞ்சி நின்றது. காரில் அவ்வாறில்லை.

பிக்கப் வண்டி இவ்வகையில் பஸ்ஸுக்கு உறவு. அரைத்தொன் பாரத்துக்கென அமைந்த உருக்கு வில், வெறும் பெட்டியோடு ஓடும்போது துள்ளும். காற்று வில்லில் பாரம் கூடும்போது அமுக்கத்தையும் கூட்டி உயரத்தை நிலைநிறுத்தலாம். அமுக்கம் கூடவே வில்லின் விறைப்பும் ஏறக்குறைய அதே அளவில் கூடுகின்றது. ஆகவே வெறும் வண்டியும் பாரவண்டியும் ஏறத்தாழ ஒரே சீரான அசைவோடு ஓடும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. காற்றுப் பை பாரத்தைத் தாங்குமேயன்றி அச்சை வழிநடத்தாது. பின்னச்சு முன்னும் பின்னும் நகரலாகாது. இடமும் வலமும் விலகலாகாது. எஞ்சினின் விசையால் தானே புரளவும் ஆகாது. இவற்றைத் தடுக்கும் வலு றப்பருக்கு இல்லை. ஆதலின் முதலில் தெரிந்தெடுக்க வேண்டியது பையன்று. அச்சைப் பிடிக்கும் கைகளே.

சீ-10 வண்டியிற் பெரும்பாலானவற்றுக்கு இக்கைகள் பிறவியிலேயே உண்டு. அடிச்சட்டத்தின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு நீண்ட உருக்குக் கைகள் பின்னோக்கிச் சென்று அச்சைப் பற்றுகின்றன. பக்கவாட்டில் விலகாதபடி குறுக்கே ஒரு தண்டு பிடிக்கின்றது. அதனைப் பன்ஹார்ட் தண்டு என்பர். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்கள் இவ்வமைப்பைக் கடன் பெற்று, தலையாய பந்தயத்தில் 2021ஆம் ஆண்டுவரை கையாண்டன என்பதே இதன் தகுதிக்குச் சான்று. இக்கைகள் ஓரளவு முறுகும் இயல்புடையன. ஒரு சில்லு மாத்திரம் மேட்டில் ஏறும்போது அச்சைச் சாய விடுவது அம்முறுகலே. அதனை அறியாதவர் முறுகாத தடித்த குழாய்க் கைகளை வாங்கி, முனையில் திரும்பும் மூட்டும் இன்றிப் பொருத்துவாராயின், பிணைப்புகள் இறுகி நாளடைவில் வெடிக்கும்.

மாற்ற வேண்டியது பெரும்பாலும் குறுக்குத் தண்டையே. பழைய தண்டு நீளம் குறைந்தது. வண்டி தாழும்போது அதன் முனை வட்ட வழியே சென்று அச்சை ஒரு பக்கம் இழுக்கும். ஒரு சில்லு பெட்டியின் ஓரத்தை உரசத் தலைப்படும். நீண்டதும், நீளத்தைத் திருத்தக் கூடியதுமான தண்டொன்றை, வண்டி ஓடும் உயரத்தில் கிடையாக நிற்குமாறு பொருத்துவதே இதற்கு மருந்து.

1940களின் இறுதியிலும் 1950களிலும் வந்த பிக்கப்புகளின் நிலை வேறு. அவற்றின் பின்னச்சு தகட்டு வில்லில் அமர்ந்தது. தகட்டு வில் பாரத்தையும் தாங்கும், அச்சையும் பிடிக்கும். அதனைக் கழற்றிப் பையை மாத்திரம் வைப்பவர், தூணை எடுத்துவிட்டுத் தலையணையை வைப்பவர் ஆவார். அங்கே நான்கு கைகளைக் கொண்ட புதிய அமைப்பொன்று இன்றியமையாதது.

கைகள் உறுதியான பின்னரே பையின் அளவைப் பற்றி எண்ணுதல் வேண்டும். இதற்குரிய கணக்கு எளியது: அமுக்கத்தைப் பையின் பரப்பால் பெருக்கினால் அது தாங்கும் பாரம் கிடைக்கும். வெறும் வண்டியின் பின்புற வில்கள் இரண்டும் தாங்கும் பாரம் 1,200 இறாத்தல் என்று கொண்டால், பை ஒன்றுக்கு 600 இறாத்தல். பரப்பு 20 சதுர அங்குலமாயின் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கம் போதும். பின்புறத்தில் மேலும் 800 இறாத்தல் ஏற்றினால் 50 ஆகும். இது நல்ல அளவு. பெரிதே சிறந்ததென எண்ணி 40 சதுர அங்குலப் பையை வாங்கினால், வெறும் வண்டிக்கு 15 இறாத்தல் அமுக்கமே வேண்டும். அப்போது சிறிது காற்றை விட்டாலும் வண்டி பெரிதும் ஏறும். சிறிது எடுத்தாலும் பெரிதும் இறங்கும். பையை வைக்கும் இடமும் கணக்கில் சேரும். அச்சின்மேல் அன்றிக் கையின் நட்ட நடுவில் வைத்தால், அதே பாரத்தைத் தாங்க இருமடங்கு விசை வேண்டும்.

பைகளில் இரு வகை உண்டு. துருத்தி போல மடிப்பு மடிப்பாகப் பருத்து நிற்பது ஒன்று. சட்டைக் கையை மடித்தாற்போல ஒரு குழலின்மேல் சுருண்டு இறங்குவது மற்றொன்று. முன்னது குறைந்த அமுக்கத்தில் மிகுந்த பாரம் தாங்கும். ஆயின் இடத்தை அடைக்கும். அமுங்க அமுங்க விரைவில் விறைக்கும். பின்னது மெலிந்தது, நெடுந்தூரம் மென்மையாக அசையும், தாங்கும் பாரம் குறைவு. பெரும்பாலும் வெறுமையாக ஓடும் பிக்கப்புக்கு, பையை அச்சருகே வைக்க இடம் உண்டாயின், பின்னதே இதமானது. பாரம் ஏற்றுவோரும், பையைக் கையின் நடுவில் வைக்க நேர்ந்தோரும் முன்னதைக் கொள்ளலாம். எவ்வகையாயினும் பை எதனோடும் உரசலாகாது. புகைக்குழாயின் வெப்பம் அதனை அணுகலாகாது. முற்றும் அமுங்கும்போது தடுப்பதற்கு றப்பர்க் கட்டையும், முற்றும் நீளும்போது தடுப்பதற்கு அதிர்ச்சி தாங்கியும் இருத்தல் வேண்டும். இவ்வேலைகளைப் பையின் தலையில் சுமத்துதல் கூடாது.

காற்றை ஊட்டும் பகுதியில் சிக்கனம் பார்த்தல் தவறு. இரு பைகளையும் ஒரே வால்வில் திறந்தபடி இணைத்தால், வளைவில் திரும்பும்போது காற்று ஒரு பையிலிருந்து மற்றதற்கு ஓடி வண்டியைச் சாய்க்கும். பக்கத்துக்கு ஒரு வால்வும் ஓர் அமுக்கமானியும் வேண்டும். காற்றுத் தாங்கியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். இல்லையேல் அது துருவை விளைக்கும், குளிர்நாட்டில் உறைந்து குழாயை அடைக்கும்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான முடிவு ஒன்று உண்டு. வண்டி மிகத் தாழும்போது அச்சுக்கு இடம் விடுவதற்காக அடிச்சட்டத்தின் அடிப்புறத்தைப் பிறை வடிவில் வெட்டி, அவ்விடத்தை வளைந்த உருக்குத் தகட்டால் வலுப்படுத்துவர். முறையாகச் செய்யப்படின் இது நன்று. முறை தவறினாலோ, பாரம் முழுவதும் வந்து பொறுக்கும் இடத்திலேயே சட்டம் நலிவுறும். வெட்டுண்ட சட்டம் மறுபடி வளர்வதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்து நின்ற வண்டியை ஒரு மாலைப் பொழுதில் பாழாக்கிவிடலாம். தேர்ந்த வெல்டிங் தொழிலாளியின் கூலியைக் குறைத்து, அப்பணத்தில் பளபளக்கும் காற்றுத் தாங்கி வாங்குவது அறிவுடைமையன்று.

பை பெரிதாயிருப்பதனால் வண்டியின் சுமக்கும் உரிமை கூடிவிடுவதுமில்லை. அச்சும், சட்டமும், டயரும், பிரேக்கும் முன்போலவே இருக்கின்றன. பின்புறம் தாழாது நிமிர்ந்து நிற்பதைக் கண்டு பாரத்தை அளவுக்கு மேல் ஏற்றுவோர் தம் கண்ணாலேயே ஏமாற்றப்படுகின்றனர்.

தெரிந்தெடுத்த உறுப்புகள் தக்கனவா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பைகளில் உள்ள காற்றை முற்றாக வெளியேற்றிவிட்டு வண்டியைப் பார்த்தல் வேண்டும். அது றப்பர்க் கட்டைகளின்மேல் அமர்ந்து, சில்லுகள் எதனையும் தொடாது உருளுமாயின், நெடுஞ்சாலையில் பை வெடித்தாலும் ஓட்டுவோர் வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவரலாம். அடிச்சட்டம் தரையில் படியுமாயினும், சில்லு பெட்டியில் சிக்குமாயினும், ஓடும் வேகத்தில் அதுவே விபத்தாகும். தரையில் வயிறு படிய வண்டியை நிறுத்தும் ஆசைக்கும் இச்சோதனைக்கும் இடையே உடன்பாடு இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் கொள்ள முடியும். அவ்வண்டியில் மனைவி மக்களை ஏற்றிச் செல்ல எண்ணுபவருக்கு எதனைக் கொள்வது என்பதில் ஐயம் இராது. ஓரிரு அங்குலம் உயர்ந்து நிற்பதால் வண்டியின் அழகு குன்றிவிடப் போவதில்லை.