வாடகை வீடு: சலுகையல்ல, உரிமை
(புசாவல் தமிழர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாடகை வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது புரோக்கரிடம் பேச வேண்டிய சங்கதி, சங்க மேடையில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்தவனுக்கு முதல் அரசியலே இதுதான், தோழர்களே! வேலை உத்தரவு சட்டைப் பையில் இருக்கும். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவர ஓர் அறை இருக்காது.

“புசாவல் சின்ன ஊர்தானே, மும்பையா, புனேயா? வாடகை என்ன பெரிதாக இருக்கப் போகிறது?” என்று ஊரில் கேட்கிறார்கள். அரசாங்கமும் அப்படித்தான் நினைக்கிறது. மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப் படிக்கு எக்ஸ், ஒய், இசட் என்று நகரங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் 2024 ஜனவரி முதல் இந்தப் படி 30, 20, 10 விழுக்காடு என்று ஆனது. நம்முடையது கடைசி வகை. 19,900 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேருகிற இளநிலை எழுத்தருக்கு அந்தக் கணக்கில் 1,990 ரூபாய்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை 6,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத டெபாசிட் 30,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 6,000. முதல் மாத வாடகை 6,000. ஆக, சாவி கைக்கு வருமுன் 42,000 ரூபாய். புதிதாகச் சேர்ந்த எழுத்தரின் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டினாலும் எட்டாது. இது நிரந்தர ஊழியரின் பாடு. காண்ட்ராக்டில் ரயில் பெட்டி கழுவுகிற தோழருக்குப் படியும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. அவர் யாரிடம் போவார்?

நாட்டில் வீடே இல்லையா? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2020இல் ஊரடங்கு போட்டபோது இலட்சோப இலட்சம் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஊர் திரும்பினார்களே, வாடகை கொடுக்க வழியில்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். அதன் பிறகுதான் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அரசு கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகளை வாடகைக்கு விடுவதும் அதில் ஒரு பகுதி. பலன் சில நகரங்களோடு நின்றது. சின்ன ஊர்த் தொழிலாளி அப்போதும் கணக்கில் வரவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 55ஆம் பிரிவை ஒவ்வொரு உறுப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டும். பதினோரு மாத ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஆனாலும் சரி, வாடகை ஒப்பந்தம் ஆனாலும் சரி, எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லாத இடத்தில் நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுத்துக்கொள்ளப்படும். தவறென்றால் வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். வாடகை கொடுத்தால் ரசீது கொடுக்க வேண்டும் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் பத்திரத்தில் கெடு முடிந்தால் வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும். பிடிவாதமாக இருந்தால் இரட்டிப்பு வாடகை கட்ட நேரும். ஆகையால் கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களைப் பத்திரத்தில் பாருங்கள்: டெபாசிட் தொகை முழுதும் எழுதியிருக்கிறதா, அதை என்றைக்குத் திருப்பித் தருவார், கரண்ட் தண்ணீர் கட்டணம் யாருடையது, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு. பத்திரம் மராத்தியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரைக் கூட அழைத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் மாதிரி மாதிரிதான். மாநிலம் ஏற்றால்தான் செல்லும். அந்த உச்சவரம்பு இங்கேயும் சட்டமாக வேண்டும் என்பது நம் கோரிக்கை.

பணம் இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் உண்டு. “என்ன சாதி? என்ன மதம்? கறி மீன் சமைப்பீர்களா?” இந்தக் கேள்விகளுக்கு எந்த டெபாசிட்டும் பதிலாகாது. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனபோது தங்க ஓரிடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அவ்வளவு படித்தவருக்கே அந்தக் கதி என்றால் நம் துப்புரவுத் தோழரின் கதி என்ன? தீண்டாமையின் பேரால் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரரோ சாதியைச் சொல்லி மறுப்பதில்லை; “மச்சான் வருகிறார், அவருக்கு வேண்டும்” என்று சொல்லிவிடுகிறார். வழக்குக்குச் சாட்சி ஏது?

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்களில் சிலர் பாடுபட்டு இந்த ஊரிலேயே வீடு கட்டிவிட்டார்கள், மகிழ்ச்சி. மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த தமிழனிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? “தம்பிக்கு எந்த ஊர்? எந்தத் தெரு?” தெருவைக் கேட்பது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் மைல் ரயிலேறி வந்தும் அந்தத் தெருவை இறக்கி வைக்கவில்லை! மேடையில் தமிழர் ஒற்றுமை, மாடியில் சாதி. இது தகுமா? மராத்திய வீட்டுக்காரரைக் குறை சொல்ல அப்புறம் நமக்கு என்ன யோக்கியதை?

ஆகையால் நான்கு யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, காலியாகும் வீடுகளைச் சங்க நோட்டில் உடனே எழுதுங்கள். மாற்றலாகிப் போகிறவர் போகுமுன் சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டு, ஒரே வீட்டுக்கு நம்மில் இருவர் போட்டி போட்டு வாடகையை ஏற்றக் கூடாது. மூன்று, மாதம் சிறு தொகை சேர்த்து வட்டியில்லா டெபாசிட் நிதி ஒன்று தொடங்குவோம். காண்ட்ராக்ட் தோழர்களுக்கு முதலிடம். நான்கு, சொந்த வீடுள்ள உறுப்பினர்கள் சாதி, மதம் கேட்காமல் வாடகைக்கு விடுவதாக இந்தக் கூட்டத்திலேயே கையொப்பமிடட்டும்.

நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். நான்காவது யோசனைக்கான பக்கம் இப்போது வெறுமையாக இருக்கிறது. கூட்டம் கலையுமுன் அது நிரம்ப வேண்டும்.