பிரசையல்லாத ஒருவரின் வழக்கு



1846இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டிரெட் ஸ்கொட் என்னும் அடிமையும் அவர் மனைவி ஹரியட்டும் விடுதலை கோரி வழக்கிட்டனர். அடிமைமுறை விலக்கப்பட்ட நிலத்தில் எசமான் தம்மை வாழவைத்தான் என்பதே வாதம். 1850இல் யூரிமார் விடுதலை அளித்தனர். ஈராண்டில் மாநில உயர்நீதிமன்றம் அதைப் பறித்தது.

1857 மார்ச் 6இல் நாட்டின் பிரதம நீதியரசர் ரோஜர் டோனி தீர்ப்புரைத்தார். அடிமைகளாய்க் கொணரப்பட்ட கறுப்பரின் வழித்தோன்றல்கள், விடுதலை பெற்றவராயினும், பிரசைகளல்லர். சமஷ்டி நீதிமன்றில் வழக்கிடவே உரிமையில்லை என்றார். எழுவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம். மறுத்த கேர்ட்டிஸ் காட்டிய சான்றை நாம் பலமுறை படித்தோம்: நாடு உருவாகிய காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர் வாக்களித்தனரே! டோனி இதை அறியாதவர் என நம்ப எமக்கு மனம் வரவில்லை.

1868இல் பதினான்காம் திருத்தம் அத்தீர்ப்பை அழித்தது. ஸ்கொட் அதைக் காணவில்லை. 1857 மே மாதம் புதிய உடைமையாளர் விடுவிக்க, செயின்ட் லூயிஸ் நகரில் ஹோட்டற் சுமையாளாய் உழைத்து, மறு ஆண்டே காசநோயால் இறந்தார்.